ஆர்லீன் மூன்று மணிக்கு வருவார்

மதியம் பன்னிரண்டே காலுக்கு வெர்னா லொஸின்ஸ்கியின் தலை காரட் நிறத்துக்கு வந்திருந்தது.

முழுத் தலையும் அல்ல. நுனியிலிருந்து மேலே பாதிக்கும் மேல் பழைய பழுப்பு நிறம்தான். வேரிலிருந்து இரண்டரை அங்குலத்துக்கு மட்டும் காரட். அதுவும் வெளிறிய காரட் இல்லை. அப்போதுதான் தோட்டத்திலிருந்து பிடுங்கிக் கழுவித் துடைத்து வைத்த காரட். டுவேன் பிரிஸ்டூபா கையுறை மாட்டிய கையில் பிரஷைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பத்தாறு வயது, ஆறடி இரண்டு அங்குலம், இரண்டு ஆள் எடை. இருந்தும் அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"எப்படி வருது தம்பி?" என்று கேட்டார் வெர்னா.

அவருடைய மூக்குக்கண்ணாடி மடித்து அலமாரியில் இருந்தது. அது இல்லாவிட்டால் தன் கணவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். எதிரே இருந்த கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது ஒரு மூட்டம் மட்டுமே. அந்த ஒரு விஷயத்தில் கடவுள் டுவேன் பக்கம் இருந்தார்.

"வருது வெர்னாம்மா. நல்லா... பளிச்சுன்னு வருது."

பக்கத்து நாற்காலியில் தலை உலர்த்தும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பெவ் ஓடகார்ட், கூண்டை ஒரு கையால் தூக்கி எட்டிப் பார்த்தார். பெவ்வுக்குத் தெரிந்த சேதி ஊருக்குத் தெரிய இருபது நிமிடம் போதும்.

"பளிச்சுன்னா எவ்வளவு பளிச்சுப்பா?"

"பெவ்வக்கா, உங்க தலை இன்னும் காயலை. உள்ள போங்க."

"என் தலை காஞ்சு பத்து நிமிஷமாச்சு. நான் பாத்துட்டு இருக்கேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு பெவ் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

கடைக்குச் சொந்தக்காரர் ஆர்லீன் தோர்சன் அன்று ஊரில் இல்லை. பக்கத்து ஊரில் செவ்வாய்க்கிழமை ஓர் அம்மாள் இறந்துபோயிருந்தார். முப்பத்தொரு வருஷ வாடிக்கை. தன்னைச் சவப்பெட்டியில் வைக்கும்போது தலையை ஆர்லீன்தான் அலங்கரிக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதி வைத்திருந்தார். "உயிரோட இருக்கிறவங்க அப்பாயின்ட்மென்டை மாத்தலாம், செத்தவங்களோடத மாத்த முடியாது" என்று சொல்லி, ஆர்லீன் காலையில் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று மணிக்குத் திரும்பி வருவார்.

கிளம்பும்போது வாசலில் நின்று மூன்று கட்டளைகள் போட்டார்.

"பெவ்வுக்குச் சுருள் வச்சுக் காய வை. தரையைக் கூட்டு. சாயத்தை மட்டும் தொட்டுடாத."

டுவேன் அவரிடம் ஒன்றரை வருஷமாகத் தொழில் பழகுகிறான். கொஞ்ச வாரம் சாஸ்கடூன் நகரத்தில் தொழிற்கல்லூரி, மற்ற மாதங்கள் கடையில் வேலை. எத்தனை மணி நேரம் வேலை செய்தான், எதெது கைவந்தது என்று ஒரு நீலப் புத்தகத்தில் குறித்து ஆர்லீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் இலையுதிர்கால வகுப்பில் இடம் கிடையாது. கெடு இந்த மாதக் கடைசி.

கையெழுத்துக்குக் குறுக்கே மூன்று புகார்கள் நின்றன. தபாலாபீஸ் அம்மாளின் நெற்றி முடியை இரண்டு பக்கமும் சமன் செய்யப் போய், சமன் ஆகும்போது நெற்றி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஹாக்கி பயிற்சியாளரின் கிருதா ஒரு பக்கம் காதோடு நிற்க, மறுபக்கம் தாடையைத் தேடிப் போனது. பாங்கில் வேலை செய்யும் பெண் சுருள் வைத்துக்கொண்டு போனவள், அன்று முதல் கவுன்டரில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும் டுவேன்" என்று போன வாரம் சொல்லியிருந்தார் ஆர்லீன். "புத்தகத்தை மூடி உன் கையில குடுத்துடுவேன். வடக்க போய் லாரி ஓட்டு. உனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

லாரி ஓட்டுவதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் டுவேனுக்கு இந்த வேலைதான் வேண்டும். அந்த ஆசை அவனுக்கு எப்படி வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பொட்டாஷ் உப்புச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் அவன். பூமிக்கு ஒரு கிலோமீட்டர் கீழே. அந்த வேலை பறிபோன வாரத்தில், மனைவி கொரின் முடி வெட்டிக்கொள்ளும்வரை இந்தக் கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். கோட்டுப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆர்லீன் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் அவள் தலைமேல் உள்ளங்கையை வைத்தார், அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கத்தரியை எடுத்தார். நாற்பது நிமிடம் கழித்து எழுந்த அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கோட்டுப் பொத்தான்களை எல்லாம் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியான துளையில் மாட்டிக்கொண்டு போனாள்.

டுவேன் மலைத்துப்போனான். வெடி வைத்துப் பாறையைப் பிளப்பதைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அன்று இரவு கொரினிடம், "நான் இதைக் கத்துக்கப் போறேன்" என்றான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை. கல்லூரியில் பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தபோது வாயைப் பிளந்தான். எந்த நிறத்தை எந்த நிறம் அடக்கும் என்று காட்டும் வட்டப் படத்தைச் சமையலறையில் ஒட்டி வைத்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்த்தான். குறை ஒன்றே ஒன்றுதான். அவன் மனசுக்குப் புரிந்தது எதுவும் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த நிலைமையில்தான் காலை பதினோரு மணிக்கு வெர்னா கதவைத் திறந்துகொண்டு வந்தார். குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் ஊர் திரும்பியிருந்தார். தலையில் பெரிய வெயில் தொப்பி.

"நாளைக்கு எங்களுக்கு நாப்பத்தஞ்சாவது கல்யாண நாள். ஹால்ல நூத்தி இருபது பேருக்குச் சாப்பாடு. இதோட எப்படிப் போய் நிக்கிறது சொல்லு?" என்று தொப்பியைக் கழற்றினார்.

வேரில் இரண்டரை அங்குலம் வெள்ளை.

"ஆர்லீன் மூணு மணிக்கு வந்துடுவாங்க வெர்னாம்மா. நீங்க கொஞ்சம்..."

"மூணு மணிக்கு நான் ஹாலை அலங்கரிக்கப் போயாகணும். நீ பண்ணு."

"எனக்குச் சாயம் தொட அனுமதி இல்லம்மா."

"யாரு குடுக்கணும் அனுமதி? தலை என்னுது. நீ காலேஜுல படிக்கிறவன்தானே?"

"படிக்கிறேன்."

"படிச்சவன் கையால பண்ணிக்கிறேன். உக்காரட்டுமா?"

ஒன்றரை வருஷத்தில் யாரும் அவனைக் கேட்டு வந்ததில்லை. டுவேன் கிட்டே வந்தாலே பாதிப் பேர் "பரவாயில்ல, ஆர்லீன் ஃப்ரீயாகிறவரை நான் காத்திருக்கேன்" என்பார்கள். அவன் அவசரமாகக் கை கழுவினான்.

முதலில் வேண்டியது வெர்னாவின் சாயக் கணக்கு. அது ஆர்லீனின் சாம்பல் நிறத் தகரப் பெட்டியில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அந்தப் பெட்டியை ஆர்லீன் யாரையும் தொட விட்டதில்லை. முப்பது வருஷத் தொழில் ரகசியம் முழுவதும் அதற்குள் இருப்பதாக டுவேன் நம்பினான். கோயில் நடையைத் திறப்பதுபோல் மூடியைத் திறந்து, 'லொஸின்ஸ்கி, வெர்னா' என்ற அட்டையை எடுத்தான்.

"முழங்கால் எப்படி என்று கேள். மருமகளைப் பற்றிக் கேட்காதே. கணவர் லாயிட்டின் குறட்டைக் கதையை மறுபடி சொல்வாள். புதிதாகக் கேட்பதுபோல் சிரி. காப்பிக்கு இரண்டு சர்க்கரை."

சாயத்தைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

அடுத்த அட்டையைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். எல்லாவற்றிலும் மனிதர்கள்தான் இருந்தார்கள். யாருடைய மகன் எப்போது இறந்தான், யாரிடம் எடையைப் பற்றிப் பேசக்கூடாது. நானூறு தலைகளின் சாயக் கணக்கையும் ஆர்லீன் மனசிலேயே வைத்திருந்தார். மறந்துவிடக்கூடாது என்று பயந்ததை மட்டும் எழுதி வைத்திருந்தார். 'பிரிஸ்டூபா, கொரின்' என்ற அட்டையும் இருந்தது. "கணவனுக்கு வேலை போய்விட்டது. அவளாகச் சொல்லும்வரை கேட்காதே." டுவேன் அதை இரண்டு தடவை படித்தான். அதை அதன் இடத்திலேயே செருகினான். பெட்டியை மூடிவிட்டான்.

அட்டையைப் படித்ததால் சாயம் கிடைத்துவிடாது. அலமாரியில் இருந்த டப்பாக்களில், வெர்னாவின் பழுப்புக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்த டப்பாவை எடுத்துக் கலக்கினான். அந்தப் பழுப்பில் பொன் நிறம் தூக்கலாக இருந்தது. நரைத்த முடியில் அதைத் தனியாகப் போட்டால் என்னவாகும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போட்ட பிறகுதான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது.

காரட் வந்த கதை இதுதான்.

பதறாதே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வட்டப் படம் கண்முன் வந்தது. ஆரஞ்சுக்கு எதிரே நீலம். நீலம் ஆரஞ்சை அடக்கும். நீலச் சாயல் உள்ள சாயம் ஒன்றைக் கலந்து வேர் முழுக்கத் தடவினான்.

"ஜில்லுன்னு இருக்கே" என்றார் வெர்னா.

"இது... இரண்டாம் கட்டம் வெர்னாம்மா."

"ஆர்லீன் இப்படி ரெண்டு கட்டமா எல்லாம் பண்ணமாட்டாளே."

"இது புதுப் பாடம்."

"சபாஷ். இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்தே விடு. நல்லாப் பிடிக்கட்டும்."

அவன் அலசிப் பார்த்தபோது காரட் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு பச்சை வந்திருந்தது. சாஸ்காட்சுவான் மாகாணத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பச்சையை அடையாளம் தெரியும். ஜூலை மாதத்தில் மாடுகள்கூடக் குடிக்க யோசிக்கும் குட்டைத் தண்ணீர்.

பெவ் கூண்டை விட்டே வெளியே வந்துவிட்டார்.

"அடக் கடவுளே" என்று கிசுகிசுத்தார். "தவளை கத்துது, கேக்குதா?"

"பெவ்வக்கா, கையெடுத்துக் கும்பிடறேன்."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீ நடத்து."

டுவேன் பின்னறைக்குப் போய் ஆர்லீனின் கைபேசிக்கு அடித்தான். எடுக்கவில்லை. இறுதிச் சடங்கு இல்லத்துக்கே அடித்தான். சாவகாசமான குரலில் ஒருவர் எடுத்தார்.

"ஆர்லீன் கீழே நிலவறையில வேலையா இருக்காங்க. அவசரமா?"

"தலை போற விஷயம் சார்."

"இங்க வர்றவங்க எல்லாமே போனப்புறம்தான் சார் வர்றாங்க" என்றார் அவர். "இங்க அவசரம்னு ஒண்ணு கிடையாது. மேல வந்ததும் சொல்றேன்."

பச்சைக்கு எதிரே சிவப்பு. டுவேன் சிவப்பைக் கலக்கினான். கலக்கும்போதே அவன் உள்மனசு வேண்டாம் என்றது. ஆனால் வட்டப் படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை கையைத் தள்ளியது. இருபது நிமிடம் கழித்து அலசினான். பச்சை அடங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதைப் பார்த்திருக்கிறோம். இங்கே குரங்கும் போய் பீட்ரூட் சூப் வந்திருந்தது.

"போர்ஷ்ட்" என்று அந்த சூப்பின் பெயரைச் சொன்னார் பெவ், பக்தியோடு. "புளிப்பு கிரீம் ஒரு கரண்டி போட்டா சாப்பிட்டுடலாம்."

மணி ஒன்றரை. டுவேனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்கு நூற்று இருபது பேர் முன்னால் இந்த அம்மாள் பீட்ரூட் தலையோடு கேக் வெட்டுவார். ஆர்லீன் நீலப் புத்தகத்தை மூடிக் கையில் கொடுப்பார். வடக்கே ஏதோ முகாமில், மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொரினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு... இல்லை, அதுகூடப் பெரிதில்லை. தன்னை நம்பி முதன்முதலில் ஒருத்தர் தலையைக் கொடுத்தார். அந்தத் தலையைப் போய் இப்படிச் செய்துவிட்டானே. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"வெர்னாம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க முடி இப்ப வந்து..."

"சொல்லாத" என்றார் வெர்னா.

"இல்லம்மா, நீங்க கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை..."

"அடுப்புல இருக்கிறப்ப பானையைத் திறந்து பாக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. நான் உன்கிட்டக் குடுத்துட்டேன். முடிச்சுட்டுக் கூப்பிடு." மேல்துணிக்குள் கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

டுவேன் அசந்துபோய் நின்றான். எப்படிப்பட்ட நம்பிக்கை! இந்த ஊரில் தேவாலயத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பரம்பரை ஹாக்கி அணியை விட்டு எதிரணிக்குப் போனவன்கூட ஒருத்தன் உண்டு. ஆர்லீனிடம் போய் "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னவர் மட்டும் கிடையாது. பிடிக்காதவர்கள் "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி வந்து உட்காருவார்கள். அது ஆர்லீன் மீதிருந்த மரியாதை. அந்த மரியாதையை இந்த அம்மாள் தன்னிடம் காட்டுகிறாரே என்று நினைத்தபோது அவனுக்கு முதுகு நிமிர்ந்தது. இதற்கு மேல் எந்த நிறத்தையும் போட்டு மூடுவதில்லை, போட்டதை எல்லாம் எடுத்தே தீருவது என்று கிளம்பினான்.

சாயம் எடுக்கும் மருந்து அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. திறந்ததும் கடை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

"இது எந்தக் கட்டம்?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார் பெவ்.

"கடைசிக் கட்டம்."

"நாத்தத்தைப் பாத்தா அப்படித்தான் தெரியுது."

தொட்டிக்கு வெர்னாவைக் கூட்டிப் போய் அலசினான். முதலில் பீட்ரூட் தண்ணீர் ஓடியது. மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர். ரோஜா நிறம் ஓடியது. மூன்றாம் தடவை தண்ணீர் தெளிந்தே ஓடியது. டுவேன் குழாயை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வேர் முழுக்க வெள்ளி. நரை என்று சொல்ல மனசு வராத வெள்ளி. சுரங்கத்தில் வெடி போட்டுப் புழுதி அடங்கிய பிறகு, முதல் ஆளாக உள்ளே போய் விளக்கைத் தூக்கினால், அதுவரை வெளிச்சமே காணாத உப்புச் சுவர் மினுமினுக்கும். யாரும் பேசமாட்டார்கள். அந்த நிமிடத்துக்காகவே அவன் இருபத்திரண்டு வருஷம் கீழே இறங்கினான் என்றுகூடச் சொல்லலாம். இனி அதைப் பார்க்கவே போவதில்லை என்று நினைத்திருந்தான்.

ஆனால் இரண்டரை அங்குலத்துக்குக் கீழே வேறு கதை. முப்பது வருஷச் சாயம் ஊறிப்போன அந்த முடி மருந்துக்கு மசியவில்லை. துருப்பிடித்த கம்பிபோல மூன்று நிறத்தில் பட்டை பட்டையாகத் தொங்கியது. மணி இரண்டு பத்து.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? டுவேன் கத்தரியை எடுத்தான்.

"வெர்னாம்மா. கொஞ்சம் வெட்டணும்."

"எவ்வளவு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நிறைய. சாயம் இருக்கிறது அத்தனையும்."

மேல்துணிக்குள் வெர்னாவின் கைகள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. பெவ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வெட்டு" என்றார் வெர்னா.

முதல் கற்றை தரையில் விழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில் டுவேன் அளந்து பார்ப்பான். அளந்ததைச் சரிபார்க்க மறுபடி வெட்டுவான். இன்று அளக்க எதுவும் இல்லை. சாயம் முடிந்த இடம்தான் அளவு. விரல்களுக்கு நடுவில் முடியை எடுத்ததும், அது எந்தப் பக்கம் விழ ஆசைப்படுகிறது என்று கைக்குத் தெரிந்தது. பாறையைக் கம்பியால் தட்டிப் பார்த்து, இது நிற்கும், இது விழும் என்று சொல்லும் கைதானே அது? உச்சியில் ஒரு சுழி இருந்தது. அதோடு சண்டை போடாமல் அதன் போக்கிலேயே போனான். காதுக்குப் பின்னால் ஒரு வளைவு தானாகவே வந்தது. கழுத்து வெளியே தெரிந்தது. எவ்வளவு நேர்த்தியான கழுத்து! முப்பது வருஷமாக அதை யாரும் பார்க்கவில்லை. அவனுக்குச் சிலிர்த்தது. மனசுக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டே முக்காலுக்குக் கத்தரியைக் கீழே வைத்தான்.

பெவ் ஒன்றும் பேசவில்லை. அந்த ஊரில் அது முன்பின் நடந்திராத சம்பவம்.

கதவு மணி அடித்தது. பெட்டியோடு ஆர்லீன் உள்ளே வந்தார். தரை முழுக்கக் கிடந்த துருப்பட்டை முடியைப் பார்த்தார். சாயமும் மருந்தும் கலந்த நான்கு கிண்ணங்களைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். பெட்டி அவர் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"வெர்னாவா?"

"நான்தான். அவன் முடிச்சுட்டானான்னு கேட்டுச் சொல்லு."

"முடிச்சுட்டேம்மா" என்றான் டுவேன். மூக்குக்கண்ணாடியை எடுத்து வெர்னாவின் கையில் வைத்தான்.

வெர்னா அதை மாட்டிக்கொண்டு எதிரே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஒரு கை மெதுவாக மேல்துணிக்குள்ளிருந்து வெளியே வந்து பின்கழுத்தைத் தொட்டது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"இது நானா?" என்றார். "இப்படியா இருக்கேன் நான்?"

ஆர்லீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றி வந்தார். கட்டைவிரலால் பின்கழுத்து முடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். காதோரம் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். குறை தேடும் கண்கள் அவை. முப்பது வருஷமாகத் தேடித் தேடிப் பழகியவை. அவர் மறுபடி ஒரு சுற்று வந்தார். பிறகு, வெர்னாவின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார்.

"இதையா நான் இத்தனை வருஷம் சாயம் போட்டு மூடி வச்சிருந்தேன்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஆர்லீன் டுவேன் பக்கம் திரும்பினார்.

"சாயத்தைத் தொடாதன்னு சொன்னேன்."

"ஆமாங்க."

"நாலு கிண்ணம் இருக்கு."

"ஆமாங்க."

"அவனை ஒண்ணும் சொல்லாத ஆர்லீன்" என்றார் வெர்னா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நான்தான் அவன்தான் பண்ணணும்னு பிடிவாதமா உக்காந்தேன். பெவ் சொன்ன அந்தப் புத்தகமோ என்னமோ, அதுல கையெழுத்துப் போட்டுக் குடு. இந்தக் கை லாரி ஓட்டுற கை இல்ல."

ஆர்லீன் மேசை இழுப்பறையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் பேனாவை நிறுத்தி, "கிண்ணத்தை எல்லாம் கழுவி வை" என்றார். ஆர்லீனிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பெவ் கோட்டைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினார். இருபது நிமிடத்துக்குள் ஊருக்குத் தெரிந்தாக வேண்டுமே.

வெர்னாவை அழைத்துப் போக லாயிட் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்தவர் மனைவியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் அப்படி நின்றதை அந்த ஊர் பார்த்ததில்லை. வெர்னா வெட்கப்பட்டு, "போதும், வாயை மூடு" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

டுவேன் பின்னாலேயே வாசல்வரை வந்தான். நெஞ்சு நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல் இருந்தது.

"லாயிட் அண்ணே, ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்ல ஒரு ஜீவன் என்னை நம்புனதில்ல. உங்க வீட்டம்மா கண்ணை மூடிக்கிட்டுத் தலையைக் குடுத்தாங்க. அந்த நம்பிக்கையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்."

லாயிட் அவன் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். கடைக்குள் ஆர்லீன் தொலைவில் இருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சாயத்தை விட்டுத் தலைமுழுகணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை தம்பி, ஆர்லீன்கிட்டச் சொல்லத் தைரியம் இல்லாம, ஆர்லீன் இல்லாத நாளாப் பாத்து, நீ எப்படியும் நாசம் பண்ணிடுவ, அப்புறம் ஒட்ட வெட்டித்தான் ஆகணும்னு நம்பித்தான் வந்தா. வர்ற வழியெல்லாம் அவளுக்கு ஒரே கவலை, நீ எங்க ஒழுங்காப் பண்ணித் தொலைச்சிடுவியோன்னு!"